கோடு கோணாமல் குஷன் தைப்போம்

ஒரு குஷன் கடை. வாசலில் இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே துணி. நீலக் கோடு போட்ட துணி. உள்ளே வைத்த ஃபோமும் ஒன்றுதான்.

முதல் நாற்காலியைப் பாருங்கள். கோடு சாய்மானத்தில் தொடங்குகிறது. நேராகக் கீழே இறங்குகிறது. இருக்கையின் மேல் ஓடி, முன்பக்கப் பட்டியில் முடிகிறது. எங்கும் அறுபடவில்லை.

இரண்டாவது நாற்காலியைப் பாருங்கள். சாய்மானத்தில் கோடு ஓர் இடத்தில் இருக்கிறது. இருக்கையில் இரண்டு விரல் தள்ளி இருக்கிறது. நாற்காலியே கோணலாகத் தெரிகிறது. ஆனால் மரம் நேராகத்தான் இருக்கிறது. துணியை வெட்டியதில்தான் கோணல்.

நாற்காலிக்கு உரியவர் இதை ஒப்புக்கொள்வாரா? பிரித்துத் தைக்கச் சொல்வார். வெட்டிய துணி மறுபடி ஒட்டாது. புதுத் துணி வாங்க வேண்டும். அந்தக் காசு யார் தலையில் விழும்? தைத்தவரின் கூலியில்தான் கை வைப்பார்கள்.

இந்த நஷ்டத்தைத் தடுக்கலாம். கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒரு டேப்பும், ஒரு தாளும், ஒரு பென்சிலும் எடுக்க வேண்டும்.

துணியைப் படியுங்கள்

துணியை விரித்துப் போட்டு நன்றாகப் பாருங்கள். எல்லாத் துணியும் ஒன்றல்ல.

கோடு போட்ட துணி: கோடு பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். துண்டை மேலே கீழே நகர்த்தினால் வித்தியாசம் தெரியாது. இடமோ வலமோ நகர்த்தினால் உடனே தெரியும்.

கட்டம் போட்ட துணி: நீளவாக்கிலும் பொருந்த வேண்டும். அகலவாக்கிலும் பொருந்த வேண்டும்.

பூப்போட்ட துணி: பல பூக்களுக்குத் தலையும் உண்டு, காலும் உண்டு. ஒரு துண்டைத் தலைகீழாக வெட்டிவிட்டால் அந்த நாற்காலி மட்டும் தனியாகத் தெரியும்.

வெல்வெட்: கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழ என்று இருக்கும். எதிர்ப்பக்கம் சொரசொர என்று இருக்கும். எல்லாத் துண்டும் ஒரே பக்கம் பார்த்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே துணி இரண்டு நிறம் போலத் தெரியும்.

கேரளத்தில் கண்ணூர், தமிழ்நாட்டில் கரூர், அரியானாவில் பானிபட் ஆகிய ஊர்களில் வீட்டு அலங்காரத் துணிகள் நெய்கிறார்கள். கைத்தறியில் நெய்த துணியில் கட்டத்தின் அளவு இடத்துக்கு இடம் சற்று மாறலாம். எனவே ஒரே இடத்தில் அளந்தால் போதாது. நான்கு இடங்களில் அளக்க வேண்டும். எல்லா நாற்காலிகளுக்கும் ஒரே சுருளில் துணி வாங்குவது நல்லது. வேறு சுருளில் சாயம் கொஞ்சம் மாறி இருக்கலாம்.

நடுவிலிருந்து தொடங்குங்கள்

நாற்காலிச் சட்டத்தை அளந்து, சாய்மானத்தின் நடுவில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். இருக்கையின் நடுவிலும் போடுங்கள். துணியில் எந்தக் கோடு நடுவில் வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். சட்டத்தின் நடுவும் துணியின் நடுவும் சேர வேண்டும். ஆறு நாற்காலி என்றால் ஆறிலும் அதே கோடு நடுவில் வர வேண்டும்.

முதலில் பின்பக்க நடுவில் ஓர் ஆணியைப் பாதி மட்டும் அடியுங்கள். பிறகு முன்பக்க நடுவில். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம். பாதி அடித்த ஆணியைப் பிடுங்குவது எளிது. கோடு நேராக இருக்கிறதா என்று நான்கடி தள்ளி நின்று பாருங்கள். நேராக இருந்தால் நடுவிலிருந்து மூலையை நோக்கி அடித்துக்கொண்டே போங்கள். ஒரே பக்கம் பலமாக இழுத்தால் கோடு வில்லாக வளைந்துவிடும்.

தைக்கும் இடத்தில் பொருத்துங்கள்

பலர் ஒரு தவறு செய்கிறார்கள். இரண்டு துண்டுகளின் வெட்டிய ஓரங்களைப் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆனால் தையல் ஓரத்தில் விழுவதில்லை. அரை அங்குலம் உள்ளே விழுகிறது. ஓரத்தில் பொருந்திய பூ தையலில் விலகிப் போகிறது.

ஆகவே ஒரு துண்டின் ஓரத்தை அரை அங்குலம் மடியுங்கள். மடிப்பை மற்றத் துண்டின் தையல் கோட்டின் மேல் வையுங்கள். டிசைன் சேருகிறதா என்று பாருங்கள். குண்டூசி குத்துங்கள். அதன் பிறகு தையுங்கள்.

எவ்வளவு துணி வேண்டும்?

ஒரு வீட்டில் 6 சாப்பாட்டு நாற்காலிகள். இருக்கை 18 அங்குலச் சதுரம். ஃபோம் உயரம் 2 அங்குலம். அடியில் மடிக்க 2 அங்குலம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 8 அங்குலம் கூடும். ஆக, ஒரு துண்டு 26 அங்குலச் சதுரம்.

துணியின் பன்னா 54 அங்குலம். பன்னாவில் 2 துண்டு வெட்டலாம். 6 துண்டுக்கு 3 வரிசை.

வெறும் துணி என்றால்:
26 + 26 + 26 = 78 அங்குலம்.
1 மீட்டர் என்பது ஏறக்குறைய 39 அங்குலம். எனவே 2 மீட்டர் போதும்.

பூப்போட்ட துணி என்றால் கணக்கு மாறும். ஒரு பூவிலிருந்து கீழே உள்ள அதே பூ வரை அளக்க வேண்டும். அது 16 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பன்னாவின் ஒவ்வொரு பாதியிலும் நடுவில் ஒரு பூ வருகிறது.

முதல் வரிசைக்கு 26 அங்குலம் வெட்டியாயிற்று. உடனே அடுத்த வரிசையை வெட்டினால் பூ நடுவில் வராது. 16 + 16 = 32 அங்குலம் தள்ளித்தான் தொடங்க வேண்டும். இடையில் 6 அங்குலம் கழிவு.

32 + 32 + 26 = 90 அங்குலம்.
முதல் பூ சரியான இடத்துக்கு வர இன்னும் 16 அங்குலம் வரை தேவைப்படலாம்.
90 + 16 = 106 அங்குலம்.
அதாவது, 2¾ மீட்டர் வாங்க வேண்டும்.

முக்கால் மீட்டர் கூடுதல். மீட்டர் 400 ரூபாய் என்றால் 300 ரூபாய்.

சொல்லிவிட்டு வெட்டுங்கள்

இந்த 300 ரூபாயைத் துணி வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

“போன தடவை ரெண்டு மீட்டர்தானே வாங்கினேன் தம்பி? இப்ப எதுக்குக் கூட?” என்று வீட்டுக்கார அம்மா கேட்பார்.

“அது வெறும் துணிங்க அக்கா. இதுல பூ இருக்கு. ஆறு நாற்காலியிலயும் பூ நடுவுல வரணும்னா முக்கால் மீட்டர் கூட வேணும். இந்தக் கணக்கைப் பாருங்க” என்று தாளைக் காட்ட வேண்டும்.

கணக்கைப் பார்த்தவர் ஒன்று சம்மதிப்பார். அல்லது வேறு துணி எடுப்பார். எப்படியானாலும் கூலிக்குச் சேதம் இல்லை. தாளில் போட்ட கோட்டை அழித்துத் திருத்தலாம். துணியில் போட்ட வெட்டைத் திருத்த முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. அதே அளவில் 4 நாற்காலிகள். அதே 16 அங்குலப் பூ. எத்தனை அங்குலத் துணி வேண்டும்?

2. பூவிலிருந்து பூ வரை 13 அங்குலம் என்றால், இரண்டு வரிசைகளுக்கு இடையே எவ்வளவு கழிவு?

3. உங்கள் வீட்டில் உள்ள கட்டம் போட்ட போர்வையை எடுங்கள். ஒரு கட்டத்தை நான்கு இடங்களில் அளந்து எழுதுங்கள். அளவு ஒன்றாக இருக்கிறதா?