உங்களுக்குத் தெரியுமா?

பேருந்து மேலே ஏறியதில் வலது கால் நசுங்கிய மாணவர், 14 வயதில் உடற்குறை இல்லாதவர்களோடு உயரம் தாண்டி இரண்டாம் இடம் பிடித்தார்! அவர்தான் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு.

• விபத்து நடந்தபோது வயது 5. பள்ளிக்குப் போகும் வழியில்.

• அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா காய்கறி விற்று வளர்த்தார்.

• பள்ளியில் அவருக்குப் பிடித்தது வாலிபால். "உயரம் தாண்டிப் பார்" என்று திருப்பிவிட்டவர் உடற்கல்வி ஆசிரியர்.

• 2013 தேசியப் போட்டியில் அவரைக் கவனித்த பயிற்சியாளர் சத்தியநாராயணா, பிறகு பெங்களூருவுக்கு வரவழைத்துப் பட்டைதீட்டினார்.

• பாராலிம்பிக் கணக்கு: ரியோ 2016 தங்கம் (1.89 மீ.), டோக்கியோ 2020 வெள்ளி (1.86 மீ.), பாரிஸ் 2024 வெண்கலம் (1.85 மீ.).