ஜெர்மன் கதைக்கு ஸ்ரீரங்கத்துப் பாட்டு

1949-இல் ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் சிறுவர்களுக்காக ஒரு கதைப் புத்தகம் எழுதினார். படங்கள் வால்டர் டிரையர் வரைந்தவை. பெற்றோர் பிரிந்ததால் தனித்தனியே வளரும் இரட்டைச் சிறுமிகள் விடுமுறை முகாமில் சந்திக்கிறார்கள். ஆள் மாறி வீடு திரும்புகிறார்கள். 1961-இல் டிஸ்னி அதைப் படமாக்கியது.

நான்கே ஆண்டில் அந்தக் கதை தமிழ் பேசியது. ஏவி.எம். தயாரித்து, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய ‘குழந்தையும் தெய்வமும்’தான் அது! ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோர். அதிகாரம் செய்யும் மாமியார், நம் குடும்பக் கதைகளுக்கே உரிய பாத்திரம். இரண்டு சிறுமிகளாகவும் நடித்தவர் குட்டி பத்மினி. அந்த வயதில் அப்படியொரு நடிப்பு, இன்று பார்த்தாலும் வியப்புதான்.

திருச்சிப் பகுதிக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த இப்படத்துக்குப் பாட்டெழுதியவர்களில் ஒருவர், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த கவிஞர் வாலி. திருச்சி வானொலிக்கு நாடகங்கள் எழுதியவர் அவர். பிரிந்துபோன கோழிக் குடும்பத்தை வைத்து, பெற்றோருக்காக ஏங்கும் பிள்ளைகளின் மனத்தை அவர் எழுதிய பாட்டு, இன்றும் நேயர்கள் விரும்பிக் கேட்பது.