போர்க்கைப் பார்த்தீரா?

1948-இல் பண்டித நேரு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு அடிக்கல் நாட்டிய காரைக்குடியில் பாட்டரிப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. நம் மாணாக்கர் ஒருவரும் தம் சைக்கிளின் முன்சக்கரக் குடத்தில் மின்மோட்டார் பொருத்திக்கொண்டு வந்து, அரைமணி நேரம் பாட்டரியின் பெருமையையே பேசினார். நாம் குனிந்து போர்க்கைப் பார்த்தோம். அலுமினியம்! அச்சு நுழைவதற்காக அதன் நுனிப்பிளவை அரத்தால் வேறு ராவியிருந்தார்.

சக்கரம் முன்னே சுழலச் சுழல, மோட்டாரின் அச்சு பின்னே திருகப் பார்க்கும். முறுக்கு 40 நியூட்டன் மீட்டரானால், 10 மில்லிமீட்டர் அகல அச்சு அப்பிளவை நெம்பும் விசை சுமார் 400 கிலோ பளுவுக்குச் சமம். எஃகு வளைந்து எச்சரிக்கும். அலுமினியமோ சொல்லாமல் ஒடியும். ஸ்பிரிங் இல்லாத எஃகுப் போர்க்கும், அச்சைத் திருகவிடாமல் போர்க்கின் காலோடு பிணைக்கும் இரும்புக்கையும் வேண்டுமென்றோம்.

"பிறகு மாற்றிக்கொள்கிறேன், ஸார்" என்றார்.

பின்னிருக்கையில் அவர் தங்கை அல்லவா பள்ளிக்கு வருகிறாள்! வண்டி இப்போது நம் வீட்டுத் திண்ணையோரம் நிற்கிறது.