மொட்டை மாடியில் பெய்யும் மழை எங்கே போகிறது?

ஐப்பசியில் தெருவில் முழங்கால் அளவு வெள்ளம். வைகாசியில் அதே தெருவில் தண்ணீர் லாரி. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் வசிக்கும் நமக்கு இவை இரண்டும் பழகிப்போய்விட்டன. இரண்டிலும் நம் வீடுகளுக்கு ஒரு பங்கு உண்டு. மாடியில் விழும் மழையை மண்ணுக்குள் இறக்காமல் தெருவுக்குத் தள்ளிவிடுகிறோம்.

சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு என்றதும் விலை உயர்ந்த பொருட்களே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் சென்னையில் ஒரு வீடு முதலில் செய்ய வேண்டியது மழைநீர் சேகரிப்புதான். இதற்குத் தேவை சில குழாய்களும், ஒரு வடிகட்டித் தொட்டியும், கிணறோ உறைக்கிணறோதான்.

பெசன்ட் நகரைச் சேர்ந்த சேகர் ராகவன் இதை 1990களிலேயே வீடு வீடாகச் சென்று எடுத்துச் சொன்னார். ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் மழை இல்லம் 2002இல் மந்தைவெளியில் தொடங்கப்பட்டது. 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பலர் முறையாக அமைத்தார்கள். பலர் சட்டத்துக்காக ஒரு குழியைத் தோண்டிக் கல்லைப் போட்டு மூடியதோடு சரி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது.

ஒரு சிறு கணக்கு பார்ப்போம். 1,000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அப்படியானால் அந்த ஒரு மாடியில் மட்டும் ஏறத்தாழ 1,30,000 லிட்டர் விழுகிறது. வீணாவது போக 1 லட்சம் லிட்டரைச் சேமிக்கலாம். இது 12,000 லிட்டர் லாரி எட்டுக்குச் சமம்.

வீட்டில் பழைய கிணறு இருந்தால் அதுவே பெரிய சொத்து. அதைக் குப்பை கொட்டி மூடிவிடாதீர்கள். மாடிக் குழாய்களை ஒன்றாக இணைத்து, மணலும் ஜல்லியும் போட்ட தொட்டி வழியே நீரைக் கிணற்றில் விடலாம். முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் கலந்திருக்கும். அதை மட்டும் வெளியே விட ஒரு வால்வு வேண்டும்.

கிணறு இல்லாத வீட்டில் மண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கடலோரத்து மணற்பாங்கான இடத்தில் ஆழம் குறைந்த குழியே போதும். களிமண் உள்ள இடத்தில் 3 அடி அகலமும் சுமார் 15 அடி ஆழமும் கொண்ட உறைக்கிணறு வேண்டியிருக்கும். அதற்குள் கல் நிரப்ப வேண்டாம். நிரப்பினால் நீர் நிற்கும் இடம் குறையும். சேறு அடைத்தாலும் எடுக்க முடியாது. மேலே கனமான மூடி அவசியம், குழந்தைகள் உள்ள வீட்டில் மிகவும் அவசியம்.

மழைக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் ஒருபோதும் இணைக்கக் கூடாது. பெருமழையில் சாக்கடை பொங்கி நம் வாசலுக்கே வரும்.

ஒளு செய்த நீரையும் வீணாக்க வேண்டியதில்லை. அதில் சோப்பு கலப்பதில்லை. தனிக் குழாயில் பிரித்து மரம் செடிகளுக்கு விடலாம். ஆனால் குடிக்கப் பயன்படும் கிணற்றில் விட வேண்டாம்.

நிலத்தடி நீருக்கு மதில் சுவர் கிடையாது. லாரி வாங்க வசதியுள்ள வீட்டுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் ஒரு செலவு. தெருமுனை அடிபம்பை நம்பியிருக்கும் குடும்பத்துக்கோ, அது ஒரு பெண் குடத்தோடு வரிசையில் நிற்கும் பாதி நாள். அந்த நாளின் கூலியும் போகிறது. நாம் ஆழ்துளைக் கிணற்றில் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் அந்தப் பம்பும் வறளும். கடலோரத்தில் உப்புநீரும் உள்ளே வரும். நாம் இறக்கும் மழையோ நம் வீட்டோடு நிற்காமல் அக்கம்பக்கத்துக்கும் உதவும்.

வாடகைக்கு இருப்போர் வீட்டு உரிமையாளரிடம் பேசலாம். அடுக்குமாடிகளில் இருப்போர் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்லலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன், புரட்டாசிக்குள், மாடியைப் பெருக்கி, குழாய் அடைப்பை எடுத்து, வடிகட்டியின் மணலைக் கழுவிப் போட்டுவிடுவோம். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.