அசுவாங்: அயலாரா, வீட்டாரா?

பிலிப்பைன் தீவுகளின் பழங்கதைகளில் கருவுற்ற பெண் இருக்கும் வீடு இரவில் விழித்திருக்கும். கூரைப்பக்கம் எழும் 'டிக்டிக்' ஓசைக்கு வீட்டார் செவி சாய்ப்பர். ஓசை உரத்துக் கேட்டால் ஆபத்து தொலைவில் உள்ளது. மெலிந்து கேட்டால் அருகே வந்துவிட்டது என்பது அவர்தம் நம்பிக்கை. அவ்வாபத்தின் பெயர் அசுவாங்.

அசுவாங் என்பது ஓர் உருவத்தின் பெயரன்று. குருதி குடிப்பது, கருவை உண்பது, பிணம் தின்பது, நாயாகவோ பன்றியாகவோ மாறுவது ஆகிய பலவற்றுக்கும் அது பொதுப்பெயர். இடுப்புக்கு மேற்பட்ட உடல் தனியே பிரிந்து பறக்கும் வகைக்கு மனனங்கால் என்று பெயர். தகாலோக் மொழியில் 'தங்கால்' என்னும் அடிச்சொல் கழற்றுதலைக் குறிக்கும். மலாய் மொழியிலும் அச்சொல் கழலுதலையே குறிக்கும். தலையும் குடலும் கழன்று பறக்கும் மலாய்ப் பேய்க்குப் பெனங்காலான் எனப் பெயர் வந்ததும் இவ்வடியினின்றே. இரு பேய்களும் உறவினம் என்பதற்குச் சொல்லே சான்று.

அசுவாங் பற்றிய அச்சத்தின் கரு அதன் உருவத்தில் இல்லை. பகலில் அது ஊராருள் ஒருவராகவே உலவும் என்பதே அச்சத்தின் கரு. ஆகவே, 'அது யார்?' என்னும் வினா எழுகின்றது. அஞ்சுவோர் அதனை வேற்றூரில் காண்பதே வழக்கம். 1589-ஆம் ஆண்டில் தகாலோக் மக்களின் வழக்கங்களை எழுதிய பிரான்சிஸ்கன் துறவி ஹுவான் டி பிளாசென்சியா அசுவாங்கைக் குறிப்பிடுகின்றார். அது விசாயத் தீவுகளில் உண்டு, தகாலோகர்களிடம் இல்லை என்பது அவர் குறிப்பு. பிற்காலத்தில் இப்பழி விசாயப் பகுதியைச் சேர்ந்த பனாய் தீவின் காப்பிஸ் மாநிலத்தின்மேல் மிகுதியாகப் படிந்தது. உடலை முறுக்கி வருத்தும் 'லூபாக்' என்னும் பரம்பரை நோய் அங்கே மிகுதி. நோயாளரின் கோணிய அசைவுகளே அசுவாங் கதைக்கு வலுவூட்டின என்று கருதுவோரும் உளர். அங்ஙனமாயின், இரக்கத்துக்கு உரியோரையே ஊர் பேயாகக் கண்டது என்றாகும்.

இவ்வச்சம் திரைக்கும் விரைந்து வந்தது. பிலிப்பைன் பேசும் படங்களின் தொடக்கமாகிய 1933-ஆம் ஆண்டிலேயே 'ஆங் அசுவாங்' என்னும் படம் வெளிவந்தது. அண்மைக்காலப் படங்களுள் இரண்டினை ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

எரிக் மட்டி இயக்கிய 'டிக்டிக்' 2012-இல் வெளிவந்தது. பிரிந்து சென்ற, கருவுற்ற காதலியை மீண்டும் பெற மணிலா இளைஞன் ஒருவன் அவள் ஊருக்கு வருகின்றான். அன்றிரவு அசுவாங் கூட்டம் வீட்டை வளைக்கின்றது, சண்டை மூள்கின்றது. முழுவதும் பச்சைத்திரை முன்னே படமாக்கி, பின்னணியைக் கணினியால் அமைத்த முதற் பிலிப்பைன் படம் இதுவே. கருவி புதிது, கருவைக் காக்கும் கவலை பழையது. எனினும், இதில் பகை சுவருக்கு வெளியே நிற்கின்றது. ஆதலின் யாரை அடிப்பது என்னும் ஐயம் எழுவதில்லை.

ரிச்சர்ட் சோம்ஸ் இயக்கிய 'யாங்காவ்' 2008-இல் வந்த சிறு முதலீட்டுத் தனிமுயற்சி. தலைநகரின் மொழியை விட்டு, பனாயில் வழங்கும் ஹிலிகாய்னான் மொழியிலேயே அது பேசுகின்றது. ஒருவர் அசுவாங் ஆகும்படி தொற்றும் கேட்டினையே 'யாங்காவ்' என்பர். நோயுற்று வீடு திரும்பிய மகள் மெல்ல மாறுகின்றாள். தந்தை அவளை மறைத்துக் காக்கின்றான். அயலார் உயிர் இழக்கின்றனர். மகளா, ஊரா என்னும் வினா அவனை வாட்டுகின்றது. இங்கே சுவர் எதனையும் காக்கவில்லை. பகை சுவருக்கு உள்ளேதான் இருக்கின்றது.

முதற்படம் அச்சத்தை வெல்லும் வீரத்தைக் காட்டுகின்றது. இரண்டாவது அச்சத்துக்கு ஒரு முகம் தருகின்றது. அது பெற்ற மகளின் முகம். அசுவாங் எப்பொழுதும் வேற்றூரினதே என்று நானூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டது. பழி சுமந்த அப்பகுதியின் மொழியிலேயே எடுக்கப்பட்ட இப்படம், வேற்றூர் என்பதும் யாரோ ஒருவருடைய வீடே என்பதை நினைவூட்டுகின்றது. பேய்க்கதை ஒன்று செய்யத்தக்க நற்பணி இதனினும் பெரிது வேறில்லை.