வெள்ளத்தில் நின்றுபோன வாகனம்: அவசரம் வேண்டா

ஆண்டுதோறும் நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, தீபகற்பத்தின் கிழக்குக் கரை மாநிலங்களுக்குப் பெருமழையைக் கொணர்கிறது. மேற்குக் கரையும் வெள்ளத்திற்கு விலக்கன்று என்பதை 2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சிலாங்கூரில் பெருகிய வெள்ளம் காட்டியது. மழை வலுத்தால், தோட்டத்துச் செம்மண் சாலையின் தாழ்ந்த இடங்களிலும் சிறு பாலங்களிலும் நீர் ஏறிவிடுகிறது. வேலைக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், மருத்துவமனைக்கும் மோட்டார் சைக்கிளையோ காரையோ நம்பியிருக்கும் நம் பாட்டாளிக் குடும்பங்களுக்கு, அவ்வாகனம் பழுதாவது வெறும் தொல்லையன்று. பல மாதச் சேமிப்பைக் கரைக்கும் இழப்பாகும்.

இவ்விழப்புக்குப் பல வேளைகளில் நீர் மட்டுமே காரணமன்று. நீரில் நின்றுபோன இயந்திரத்தை மீண்டும் மீண்டும் முடுக்கிப் பார்க்கும் அவசரமும் காரணமாகிறது. ஆகவே, அத்தகைய வேளையில் பழுதை எவ்வாறு அறிவது என்பதை நாம் தெரிந்துகொள்வது நலம்.

நீர் புகுந்தால் நேர்வது என்ன?

இயந்திரமும் நம்மைப் போலவே காற்றை உள்ளிழுக்கிறது. பெட்ரோல் இயந்திரம் அக்காற்றை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்குகிறது; டீசல் இயந்திரம் அதனினும் மிகுதியாக நெருக்குகிறது. காற்று நெருங்கும், நீரோ நெருங்காது. சிலிண்டரில் போதிய நீர் புகுந்துவிட்டால், மேலேறும் பிஸ்டன் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடும். பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளையக்கூடும். சில வேளைகளில் முறிந்து, இயந்திரத்தின் உடலையே பிளந்துவிடும்.

எனவே முதல் விதி இதுதான்: நீரில் நின்றுவிட்ட வாகனத்தை அங்கேயே முடுக்கிப் பார்த்தல் கூடாது. நீரோட்டம் இல்லாவிடில், பலர் கூடி மேட்டுக்குத் தள்ளிச் செல்ல வேண்டும். நீர் பாய்ந்தோடுமாயின் வாகனத்தை விட்டு உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறிகளைப் படித்தல்

மேட்டுக்கு வந்தபின் முதற்கண் பார்க்க வேண்டியது காற்று வடிகட்டி. அது உலர்ந்திருந்தால், பெரும்பாலும் நீர் சிலிண்டரை எட்டியிராது. மின்கம்பிகளிலோ ஸ்பார்க் பிளக்கின் மேலுள்ள மூடியிலோ ஈரம் படிந்திருக்கலாம். அவற்றை உலர்ந்த துணியால் துடைத்துக் காயவிட்டாலே இயந்திரம் இயங்கக்கூடும். வடிகட்டி நனைந்திருந்தால், நீர் உள்ளே சென்றிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது எண்ணெய் அளவுக் கோல். எண்ணெயின் மட்டம் முன்பிருந்ததைவிட உயர்ந்திருந்தாலோ, பால் கலந்த தேநீரின் நிறத்தில் காணப்பட்டாலோ, அதில் நீர் கலந்துவிட்டது. அவ்வெண்ணெயுடன் இயந்திரத்தை ஓட்டினால், உராயும் பகுதிகள் விரைவில் தேய்ந்துவிடும்.

அறியாமல் எவரேனும் சாவியைத் திருகிவிட்டிருந்தால், ஒலியும் ஒரு சான்றாகும். ‘டக்’ என்ற ஒலியோடு இயந்திரம் சுழலாமல் நின்றால், முன்விளக்கை ஏற்றிப் பாருங்கள். விளக்கு மங்கினால் மின்கலம் வலுவிழந்திருக்கலாம். விளக்கு ஒளியோடு எரிந்தும் இயந்திரம் சுழலவில்லையெனில், சிலிண்டரில் நீர் நிற்பதாக ஐயுற வேண்டும். மோட்டார் சைக்கிளில் உதைமிதி கல்லைப்போல் இறுகி நிற்பதும் இதே அறிகுறியாகும். இயந்திரம் இயல்பாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையெனில், தீப்பொறியோ எரிபொருளோ நீரால் கெட்டிருக்கலாம். இயங்கத் தொடங்கியபின் தட்டும் ஓசை எழுந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். இணைப்புத் தண்டு வளைந்திருக்கக்கூடும்.

நாமே செய்யக்கூடியவை

சிறிய மோட்டார் சைக்கிளாயின், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, சாவியை அணைத்த நிலையில், உதைமிதியை மெதுவாகப் பலமுறை மிதிக்கலாம். உள்ளிருக்கும் நீர் அத்துளை வழியே பீறிட்டு வெளிவரும். முகத்தை அதற்கு நேரே வைத்தல் ஆகாது. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில், அதன் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தினால் அங்குத் தேங்கிய நீர் வடிந்துவிடும். அவ்வேளை பெட்ரோலும் வடியுமாதலால், அருகில் நெருப்போ சுருட்டோ இருத்தல் கூடாது.

நீர் கலந்த எண்ணெயை முழுதும் வடித்துவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். நீர் எண்ணெயைவிடக் கனமானதாதலால் அடியில் தங்கி முதலில் வெளியேறும். சில நிமிடம் இயக்கியபின் மறுபடியும் எண்ணெயை மாற்றினால்தான் எஞ்சிய ஈரம் நீங்கும். பல்சக்கரப் பெட்டியின் எண்ணெயையும் சோதிப்பது அவசியம். சூடாயிருந்த பெட்டி நீரில் மூழ்கித் திடீரெனக் குளிரும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உறிஞ்சிவிடுகிறது.

கார்களிலும், சிறப்பாக டீசல் வாகனங்களிலும், உட்புகுந்த நீரை அகற்றும் பணியைப் பட்டறையின் தேர்ந்த கைகளிடம் விடுவதே சிக்கனம். நீர் இருக்கை வரை ஏறியிருந்தால் சாவியையே தொடாமல் இழுத்துச் செல்ல வேண்டும். இக்காலக் கார்களில் மின்னணுக் கருவிகள் பல உள்ளன. அவற்றின் இணைப்புகளில் தங்கிய ஈரம் சில வாரங்களுக்குப் பின்னும் துருவேற்றிப் பழுதை உண்டாக்கும்.

இயந்திரம் நன்றாக இயங்கினாலும் பிரேக்கை மறத்தலாகாது. மெதுவாகச் சென்றவாறே அதைப் பலமுறை இலேசாக அழுத்தினால் சூட்டில் ஈரம் உலரும்.

வருமுன் காத்தல்

ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆழத்தில் பாய்ந்தோடும் நீரே சிறிய காரைத் தள்ளிவிட வல்லது. மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? கலங்கிய நீரின் அடியில் சாலை அரிக்கப்பட்டிருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. நம் நாட்டில் வழக்கமான முழுக் காப்புறுதி, வெள்ளச் சேதத்தைத் தானாகவே உள்ளடக்குவதில்லை. அதற்குரிய கூடுதல் பாதுகாப்பைத் தனிக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் காப்புறுதியைப் புதுப்பிக்கையில் இதனைக் கேட்டறிதல் நன்று.

நீர் வடியும்வரை காத்திருப்பதால் ஒரு நாள் வேலைக்குச் சற்றுத் தாமதம் நேரலாம். ஆனால் அந்தப் பொறுமை நம் வாகனத்தையும், அதனை வாங்கச் சேர்த்த உழைப்பையும், யாவற்றினும் மேலாக நம் உயிரையும் காக்கும்.