சிங்கப்பூரின் சிறு பூங்காவும் நம் முன்னோர் இறங்கிய கரையும்

சிங்கப்பூர் செல்லும் நம்மவர்கள் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் தெலுக் ஆயர் பூங்கா. நாகூர் தர்காவுக்கும் தியான் ஹொக் கெங் சீனக் கோயிலுக்கும் இடையே உள்ள சிறிய பசுமைத் திடல் அது. சுற்றிலும் உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள். கடல் கண்ணுக்கே தெரியாது.

ஆனால் ஒரு காலத்தில் இதுவே கடற்கரை. 'தெலுக்' என்றால் மலாய் மொழியில் விரிகுடா, 'ஆயர்' என்றால் தண்ணீர். 1819இல் ஆங்கிலேயர் துறைமுகம் தொடங்கியதும், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் இந்தப் பகுதியில் குடியேறினர். அவர்களைச் 'சூலியா' என்று அழைத்தனர். வணிகம், நாணய மாற்று, படகு வேலை, துறைமுகக் கூலி என உழைத்தார்கள்.

கரையிறங்கியவர்கள் தொழுகைக்கு இடம் தேடினார்கள். 1827இல் எளிய கூரைக் கொட்டகையாக எழுந்ததே இன்றைய அல் அப்ரார் பள்ளிவாசல். 'குச்சுப் பள்ளி' என்ற தமிழ்ப் பெயர் இன்றும் அதற்கு உண்டு. 1828–1830இல் நாகூர் தர்கா கட்டப்பட்டது. பின்னர் கடல் தூர்க்கப்பட்டு, கரை வெகுதூரம் விலகிப்போனது. கட்டடங்கள் நின்றதால்தான் வரலாறும் நின்றது. 1974இல் இரண்டும் தேசிய நினைவுச் சின்னங்களாயின.

நம் பூந்தமல்லியிலும் கோல்கொண்டா ஆட்சிக் காலத்துப் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் வயது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? மஹல்லாவின் பெரியவர்களிடம் கேட்போம்; பழைய பத்திரங்களையும் கல்வெட்டுகளையும் படமெடுத்துப் பாதுகாப்போம். எழுதி வைக்காத வரலாற்றை அடுத்த தலைமுறை எங்கே போய்த் தேடும்?